செங்கல்பட்டு ஏரிக்கரைகளில் வழிகாட்டியுடன் ஒரு நடை: சேவை மதிப்புரை

சென்னையிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவிலேயே ஏரியும் புதர்க்காடும் பல்லவர் குடைவரையும் ஒரே நடையில் கிடைக்கின்ற நாட்டுப்புறம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதை ஜி.எஸ்.டி. சாலையில் காரின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறோம். நடைப்பயணம் என்றாலே குடகும் மூணாறும் கொல்லிமலையும் நினைவுக்கு வருமே தவிர, செங்கல்பட்டும் மதுராந்தகமும் வருவதில்லை. தென்சென்னையில் இருந்து இயங்கும் ஒரு சிறு குழு, மழை ஓய்ந்த மார்கழியில் தொடங்கி மாசி வரையில், வார இறுதிகளில் இந்தப் பகுதியில் இரண்டு வழித்தடங்களில் நடை நடத்துகிறது. இரண்டிலும் கலந்துகொண்டவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பாராட்டோடு சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் குழுவின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதுபோன்ற சேவை எதில் சேர்வதாக இருந்தாலும் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்ட வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

கட்டணம் ஒருவருக்கு 1,200 ரூபாய். காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, வழிகாட்டி, திரும்பி வருவதற்கான வேன் எல்லாம் இதில் அடங்கும். போகும்போது அவரவர் புறநகர் ரயிலில் செங்கல்பட்டு வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. இதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது இந்தச் சேவையின் நல்ல முடிவுகளில் ஒன்றாகவே படுகிறது. விடியற்காலை ரயிலில் தாம்பரம் தாண்டியதும் நெரிசல் குறைந்து, ஒவ்வொரு நிலையமாகக் காற்று குளிர்ந்து, செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டியே விரிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறவருக்கு நடை அங்கேயே தொடங்கிவிடுகிறது. நிலையத்தை அடுத்திருக்கும் கோட்டை விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்தது. 1752இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றியது. பிற்காலத்தில் அதன் ஊடாகவே ரயில் பாதை போடப்பட்டது. நாள்தோறும் அந்தப் பாதையில் போய்வருகிறவர்களுக்குக்கூடக் கோட்டைக்குள் பயணம் செய்கிறோம் என்பது தெரியாது. வழிகாட்டி இதை நடைமேடையில் நின்று ஐந்தே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு நடக்கத் தொடங்கினார். எங்கே அதிகம் பேச வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் வழித்தடம் செங்கல்பட்டிலிருந்து வல்லம் வழியாகத் திருக்கழுக்குன்றம் வரை போகிறது. தார்ச்சாலையில் போனால் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். குழு கூட்டிப்போகும் வழி, வண்டிப்பாதைகளிலும் ஏரிக்கரைகளிலும் சுற்றிச் செல்வதால் அதைவிடச் சற்றுக் கூடும். மேடு பள்ளம் அதிகமில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கிற பழக்கம் உள்ளவர் எவரும் இதை முடித்துவிடலாம்.

வல்லத்தின் சிறு குன்றில் மூன்று குடைவரைகள் இருக்கின்றன. மாமல்லபுரத்துக் கூட்டத்தில் முண்டியடித்துப் பார்த்தவர்களுக்கு இங்கே கிடைக்கும் தனிமை பெரிய ஆறுதல். மேலே உள்ள வேதாந்தீசுவரர் குடைவரையின் தூண்களில் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன: பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன். அந்த அரசனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன் இந்தக் கோயிலைச் செய்வித்தான் என்பது கல்வெட்டின் செய்தி. பேரரசன் பெயரில் எழுந்த கோயில்களைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிற்றரசன் தன் ஊர்ப் பாறையில் தன் பெயரைப் பொறித்து வைத்திருப்பதை அந்தப் பாறையின் அருகிலேயே நின்று வாசிக்கக் கேட்பது மனநிறைவு தந்தது. வழிகாட்டி பல்லவர் கால எழுத்துகளின் வரிவடிவத்தை ஒரு தாளில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்து, கல்லில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று எங்களையே தேடச் சொன்னார். பதின்ம வயதுப் பெண் ஒருத்தி 'ம' எழுத்தைக் கண்டுபிடித்ததும் மற்றவர்களும் தூணருகே குனிந்துவிட்டார்கள். எழுத்தின் மீது கையை வைக்காமல், சுண்ணாம்பு தடவாமல், பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தைக் கொண்டே பார்க்கப் பழக்கியது தனியாகப் பாராட்ட வேண்டிய ஒன்று.

தூண்களின் கட்டமைப்பையும் அவர் பொறுமையாக விளக்கினார். அடியும் தலையும் சதுரமாக, நடுப்பகுதி மட்டும் எட்டுப் பட்டையாகச் செதுக்கப்பட்ட தடித்த தூண்கள் அவை. பிற்காலக் கோயில்களின் நுணுக்கமான வேலைப்பாடு எதுவும் அவற்றில் இல்லை. பாறையைக் குடைந்து கோயில் எடுப்பது தமிழகத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்தது என்பதையும், சுதையும் மரமும் செங்கல்லும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் மகேந்திரனே பெருமையாகச் சொல்லிக்கொண்டதையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்தத் தடிமனில் ஒரு தயக்கமும் துணிவும் சேர்ந்தே தெரிகின்றன. வாயிற்காவலர் சிற்பத்தின் தலையணியில் உள்ள கொம்புகளையும், வெளிப்பாறையில் உள்ள பிள்ளையாரையும் மூத்ததேவியையும் தவறாமல் பார்க்க வேண்டும். பூசை நடக்கிற கோயில் இது என்பதால் குருக்கள் வருகிற நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு போவது நல்லது. குழு இதை முன்கூட்டியே பேசி வைத்திருந்தது.

வல்லத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வரையிலான பகுதிதான் இந்த நடையின் உயிர். வயல், சிற்றேரி, பாறைக் குன்று, குன்றின் சரிவில் புதர்க்காடு என்று நிலம் மாறிக்கொண்டே போகிறது. காரையும் சூரையும் களாவும் வெப்பாலையும் அடர்ந்து, ஆள் உயரத்துக்கு மேல் அதிகம் வளராத காடு இது. காடென்றால் வானை மறைக்கும் மரங்கள் வேண்டும் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். கொஞ்ச நேரம் வாய் திறக்காமல் நடந்தால் இந்தக் காடு தன்னைக் காட்டத் தொடங்கும்: உலர்ந்த இலைகளைக் கிளறும் தவிட்டுக்குருவிக் கூட்டம், முள்ளின் உச்சியில் அமர்ந்திருக்கும் கீச்சான், எங்கோ அருகில் கூவிவிட்டுத் தென்படாமலேயே போய்விடும் செண்பகம். இந்தப் பகுதியில் அரை மணி நேரம் யாரும் பேசக் கூடாது என்பது குழுவின் விதி. அந்த விதியை எழுதியவருக்கு என் வணக்கம்.

ஏரிகளைப் பற்றி வழிகாட்டி சொன்னவற்றுக்காகவே இன்னொரு முறை கட்டணம் கட்டலாம். நாம் ஏரி என்றால் தண்ணீர் நிற்கும் இடம் என்று மட்டும் நினைக்கிறோம். ஒரு கரையில் நிறுத்தி, மேலே வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, கரை ஏன் பிறை வடிவில் வளைந்திருக்கிறது, மதகு எந்தப் பக்கம், மிகை நீர் வழியும் கலங்கல் எந்த உயரத்தில், கலங்கல் தாண்டிய நீர் அடுத்த ஊர் ஏரிக்கு எப்படிப் போகிறது என்று ஒவ்வொன்றையும் நடந்துகொண்டே காட்டினார். ஏரி நீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய தூம்பு ஒன்றின் கல்தூண்கள் நீருக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு தூண்களையும் இணைக்கும் குறுக்குக் கற்களில் வட்டத் துளைகள் இருந்தன. அந்தத் துளைகளின் வழியே இறங்கும் கம்பின் நுனியில் ஒரு குமிழ் இருக்கும். அடியில் கல்லால் ஆன தொட்டி. தொட்டியின் மேல்துளையைக் குமிழ் மூடியிருக்கும் வரையில் தண்ணீர் வெளியேறாது. கம்பைத் தூக்கினால் தெளிந்த நீர் மேல்துளை வழியாகவும், ஏரியின் அடியில் படிந்த வண்டல் பக்கத்துச் சேறோடித் துளைகள் வழியாகவும் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் கால்வாயில் கலந்து வயலுக்குப் போகும். ஏரி தூர்ந்துபோகாமல் இருப்பதற்கும் வயலுக்கு எரு கிடைப்பதற்கும் ஒரே கருவி. இதை அவர் தரையில் மூன்று கல்லையும் ஒரு குச்சியையும் வைத்தே விளக்கிவிட்டார். மதகைத் திறந்து மூடி ஊருக்கெல்லாம் நீரைப் பங்கிடும் கம்புகட்டியின் வேலையைத் தன் தாத்தா பார்த்ததாகவும் சொன்னார். புத்தகத்தில் படித்துவிட்டு ஒப்பிக்கிறவரிடம் இந்தத் தெளிவு வராது.

திருக்கழுக்குன்றத்தில் வேதகிரி மலையேற 500க்கும் மேற்பட்ட படிகள். வெயில் ஏறுவதற்குள் அங்கே போய்ச் சேர்வது கடினம் என்பதால், கீழே சாப்பிட்டு இளைப்பாறி, மூன்று மணிக்கு மேல் ஏறும்படி நிகழ்ச்சியை அமைத்திருக்கிறார்கள். சரியான முடிவு. மலைச்சரிவில் உள்ள ஒருக்கல் மண்டபம் பல்லவர் காலத்துக் குடைவரை. அதன் சுவர்களில், அருகில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வணிகம் செய்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். கோயில் சுவரில் பெயர் கிறுக்குவது இன்றைய நோய் மட்டுமில்லை என்பது தெரிகிறது; அதற்காக எவரும் அதைத் தொடர வேண்டியதில்லை. வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர், அதாவது பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன், காத்துக் கொடுத்த பழைய அறக்கட்டளையைச் சோழன் முதலாம் ஆதித்தன் தன் 27ஆம் ஆட்சியாண்டில் மீண்டும் உறுதிசெய்த கல்வெட்டும் இவ்வூரில்தான் இருக்கிறது. ஓர் அரச மரபு அழிந்து இன்னொன்று வந்த பிறகும் கோயிலுக்கு விட்ட நிலம் கைமாறாமல் காக்கப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

கழுகுகளைப் பற்றிப் பேசாமல் அந்த மலையிலிருந்து இறங்க முடியாது. நாள்தோறும் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டுபோகும் காட்சியை நம் பெற்றோர் தலைமுறை கண்டிருக்கிறது. பறவையியலாளர் கணக்கில் அவை மஞ்சள் முகப் பாறுகள். 1998க்குப் பிறகு அவை வரவில்லை. கலியுகத்தின் பாவம் என்று சொல்லி முடித்துவிடாமல், 1990களில் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் சரிந்ததையும், மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து இறந்த மாட்டின் உடல் வழியாக அவற்றைக் கொன்றதையும், 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டதையும் வழிகாட்டி எடுத்துச் சொன்னார். பக்தியோடு வந்திருந்த பெரியவர்கள் மனம் நோகாதபடி சொன்னார் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஓர் அம்மாள், "நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது பாத்திருக்கேன் தம்பி, எங்க அப்பா தோள்ல தூக்கிக் காட்டினாரு" என்றபோது, அவர் தன் பேச்சை நிறுத்திக்கொண்டு அந்த அம்மாளையே மேற்கொண்டு பேசவைத்தார்.

இரண்டாவது வழித்தடம் வேடந்தாங்கலில் தொடங்கிக் கரிக்கிலியில் முடிகிறது; பிறகு வேனில் மதுராந்தகம். ஏற்பாட்டில் இது முதல் வழித்தடத்துக்கு ஒரு படி கீழேதான். வேறு ஒரு வழிகாட்டி வந்திருந்தார். பறவைகளை நன்றாக அறிந்தவர். வேடந்தாங்கலில் நீரில் நிற்கும் கடப்ப மரங்களின் மீது கூடு கட்டியிருக்கும் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா என்று ஒவ்வொன்றையும் தொலைநோக்கியில் நிறுத்திக் காட்டினார். ஆனால் குழுவில் முப்பது பேரைச் சேர்த்துவிட்டார்கள். முப்பது பேருக்கு இரண்டு தொலைநோக்கிகள் என்றால் ஒருவர் பார்த்து முடிப்பதற்குள் பறவை பறந்துவிடுகிறது. வரிசையில் நின்ற சிறுவர்கள் பொறுமையிழந்து சத்தம் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பேசாமல் நடக்கும் விதியும் இந்த வழித்தடத்தில் காற்றில் போய்விட்டது. பதிவு செய்யும் பக்கத்தில் அதிகபட்சம் 15 பேர் என்று போட்டுவிட்டு அதைப்போல் இரு மடங்கு ஆட்களைச் சேர்ப்பது நியாயமில்லை. கேட்டதற்கு, விடுமுறை வாரம் என்பதால் கேட்டவர்களுக்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை என்றார்கள். மறுத்திருக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. கரிக்கிலிக்குப் போகும் வழியில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி எங்கே என்பதை யாரும் முன்கூட்டியே யோசித்திருக்கவில்லை. முதல் வழித்தடத்தில் ஒரு விவசாயியின் வீட்டில் பேசி ஏற்பாடு செய்திருந்த அதே குழு, இங்கே அதை மறந்துவிட்டது. நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் நடந்த பெண்கள் சிலர் மதியத்துக்குள் சோர்ந்துவிட்டார்கள். நடத்துபவர்கள் உடனடியாகத் திருத்த வேண்டியது இது.

ஆனாலும் இந்த வழித்தடத்தின் வரலாற்றுச் செல்வம் குறைவானதில்லை. வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 எக்டேர்தான். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அறிந்த ஊரார், சரணாலயம் என்ற பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே அவற்றைக் காத்திருக்கிறார்கள். துப்பாக்கியோடு வந்து பறவை சுட்ட கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்களைப் பற்றி முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லியோனல் பிளேசிடம் காப்புறுதிப் பத்திரம் வாங்கியவர்களும் அவர்களே. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. கரிக்கிலி பரப்பில் இதைப்போல் இரு மடங்கு, கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமைதியாகப் பறவை பார்க்க வேண்டுமென்றால் கரிக்கிலியே என் தேர்வு.

அதே பிளேசு துரையை மாலையில் மதுராந்தகத்திலும் சந்திக்கிறோம். பெருமழையில் ஏரிக்கரை உடையும் நிலை வந்தபோது, இரவில் கரையைப் பார்க்கப் போன அவர், வில்லேந்திய இருவர் நின்று காப்பதைக் கண்டதாகவும், அதனால் தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்ததாகவும் ஏரிகாத்த ராமர் கோயிலின் தலவரலாறு சொல்கிறது. அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு சன்னதியில் இருக்கிறது. காலையில் பறவைக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தவரும் மாலையில் கோயில் கட்டியவரும் ஒருவரே என்பதை வழிகாட்டி இணைத்துச் சொல்லவே இல்லை. வேடந்தாங்கலில் ஒரு முறை, மதுராந்தகத்தில் ஒரு முறை என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். முதல் வழித்தடத்தின் வழிகாட்டியாக இருந்திருந்தால், உபரி நீர் கிளியாற்றுக்கு இறங்கும் கலங்கலில் எங்களை நிறுத்தி, இந்த ஒரு மனிதரைக் கொண்டே அன்றைய ஜாகீரின், அதாவது கும்பினி ஆண்ட செங்கல்பட்டுப் பகுதியின், நீர் நிர்வாகம் முழுவதையும் விளக்கியிருப்பார் என்று தோன்றியது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் இட்லியும் வடைகறியும், மதியம் வாழையிலையில் சாம்பார், ரசம், கூட்டு, மோர். இரண்டு முறையும் சூடாகவும் சுத்தமாகவும் இருந்தது. வழியில் பிளாஸ்டிக் பாட்டில் வாங்காமலிருக்க, இருபது லிட்டர் கேனை இரண்டு இடங்களில் வைத்து அவரவர் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளச் செய்கிறார்கள்.

சேர நினைப்பவர்கள் காலணியில் கவனம் வைக்க வேண்டும். ஏரிக்கரைகளில் சீமைக்கருவேலம் முள் நிறைய. ஓட்டப்பயிற்சிக்குப் போடும் மென்மையான அடிப்பாகம் உள்ள ஷூவை அது நேராகத் துளைத்துவிடும். கெட்டியான அடிப்பாகம் உள்ளதாக, அதே சமயம் கோயில் வாசலில் எளிதில் கழற்றிப் போடக்கூடியதாக இருப்பது நல்லது. முழுக்கைச் சட்டை, தொப்பி, ஒரு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், திருக்கழுக்குன்றத்தில் குரங்கு பறித்துவிடாதபடி மூடிய பை ஆகியவை அவசியம். பங்குனி பிறந்துவிட்டால் இந்த நடையை நினைக்கவே வேண்டாம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கு மட்டும் அழைத்துப்போகலாம். பதிவு செய்வதற்கு முன் எந்த வழிகாட்டி வருகிறார், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், கழிப்பறை எங்கே என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வழித்தடத்துக்கு ஐந்தில் நான்கரை மதிப்பெண் தருகிறேன், இரண்டாவதற்கு மூன்று.

நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன். மூன்றாவது வழித்தடமாக உத்திரமேரூரைச் சேர்க்க வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய குடவோலை விதிகளைப் பள்ளிப் பாடத்தில் படித்த எல்லோரும், 30 குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), 35 வயது, கால் வேலி நிலம் என்று ஒப்பிப்பார்கள். அந்த விதிகளின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஏரி வாரியம் ஒன்று என்பதையும், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்பதையும், அந்த வாரியம் பராமரித்த வயிரமேக தடாகம் ஊரை ஒட்டி இன்றும் ஏரியாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்து அறிந்தவர்கள் குறைவு. கல்வெட்டை வாசித்துவிட்டு அந்த ஏரியின் கரையிலேயே நடக்கவைத்து, தூம்பைப் பற்றி மூன்று கல்லையும் குச்சியையும் வைத்து விளக்கிய அதே வழிகாட்டியை அனுப்புவதானால், அறிவிப்பு வரும் அன்றே நான் பணம் கட்டிவிடுவேன்.